தறி நின்றால் விழிக்கிற பிள்ளை

தனுஷ்கோடி தறிக்கூடத்துக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகமாட்டார். முதல் தடவை வருகிற வியாபாரிகள் அதைத் தொழில்மேல் உள்ள பக்தி என்று நினைத்து, தாங்களும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். அவர் மறுத்துச் சொல்வதில்லை. உள்ளபடிக்கு அது பக்தி இல்லை, வேலை. ஆறு விசைத்தறிகள் ஒரே அறையில் அடிக்கும்போது காதால் எதையும் பிரித்தறிய முடியாது. எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். கால் அப்படி இல்லை. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் ஒவ்வொரு தறியின் அடியும் தனித்தனியாக மேலே ஏறி வரும். எங்காவது ஒரு போல்ட் தளர்ந்தால் உள்ளங்காலில் குறுகுறுக்கும்.

"மூணாவது தறிய நிறுத்து முத்துராஜு" என்று கையைக் காட்டுவார். முத்துராஜ் அவரிடம் வெகுநாளாகத் தறி ஓட்டுகிறவர். நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால், குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளும் கட்டை அரைச்சுற்று ஆடிக்கொண்டிருக்கும்.

அருப்புக்கோட்டையில், பந்தல்குடி சாலையிலிருந்து பிரிகிற அந்தத் தெருவில் தனுஷ்கோடிக்கு 'ஸ்பேனர்' என்றுதான் பெயர். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். கல்யாணத்துக்குச் சீராக வந்த மிக்சியை மறுவாரமே பிரித்துப்போட்டு, எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்தவர். மதுரைக்குப் போகிற பஸ் வழியில் நின்றுவிட்டால் மற்றவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவார்கள், இவர் டிரைவருக்குப் பின்னால் போய் நின்று, "டீசல் வரலையா, காத்துப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்று வேலை செய்யாவிட்டால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கவேண்டும், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் முறை. இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது அல்லவா?

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் விட்டுவைத்தார். அது அவருடைய மகள் கிருஷ்ணப்ரியா.

பிள்ளைக்கு அப்போது ஒன்றேகால் வயது. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஆறு தறியும் தடதடக்கும். பிள்ளை அசையாமல் தூங்கும். அடுத்த வீட்டில் குக்கர் சத்தத்துக்கே எழுந்து அழுகிற குழந்தைகள் உண்டு. இவள் அப்படி இல்லை. ஆனால் கரண்டு போய்த் தறிகள் நின்றதோ இல்லையோ, தொட்டிலுக்குள் ஒரு துள்ளல். சேலையை விலக்கிக்கொண்டு இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும்.

தனுஷ்கோடிக்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் செய்தே காட்டுவார். "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை இறக்குவார். பிள்ளை விழிக்கும். வந்தவர்கள் கைதட்டாத குறையாகச் சிரிப்பார்கள்.

"ஊரு பிள்ளைக சத்தம் கேட்டா முழிக்கும். எம்மக சத்தம் நின்னா முழிப்பா."

முத்துராஜ் மட்டும் முணுமுணுப்பார். "அண்ணாச்சி, ஒரு தடவ நிறுத்தி ஓட்டுறதுக்குள்ள ரெண்டு நூலு அறுந்துருது. பிள்ளைய எழுப்புறதுக்குத் தொட்டில ஆட்டுனாப் போதாதா?"

பிள்ளையின் வளர்ச்சியில் அந்த வீட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. தனுஷ்கோடியின் மனைவி சண்முகவடிவு மல்லாங்கிணற்றுப் பெண். அவள் அப்பா நல்லமுத்துவுக்கு அங்கே மானாவாரிக் காடு உண்டு. பிள்ளை குப்புற விழுந்த அன்று கொழுக்கட்டை அவித்தாள். வாசல்படி தாண்டிய அன்று பாயசம் வைத்தாள். முதல் எட்டு எடுத்து வைத்ததற்கும் ஒரு பலகாரம் நடந்தது. ஒவ்வொன்றையும் காத்திருந்து பார்த்து, இனிப்புச் செய்து தெருவுக்கே கொடுத்தாள். பெயரைச் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புகிற அன்றைக்கு என்று ஒரு பலகாரம் கிடையாது. அதனால் அதை யாரும் காத்திருந்து பார்க்கவும் இல்லை.

பேச்சு வரவில்லையே என்று கேட்கலாம். அதற்கும் அந்த வீட்டில் பதில் தயாராக இருந்தது, ஏனென்றால் தறி ஓடுகிற வீட்டில் பெரியவர்களே பேசமாட்டார்கள். இரைச்சலுக்குள் கத்தினால் தொண்டைதான் போகும். எல்லாம் கைதான். இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனால் டீ. சுண்டு விரலை வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையை மேலே திருப்பி விரித்து உதறினால் கரண்டு போய்விட்டது. கரண்டு போனபிறகு வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் பழக்கதோஷம், முதலில் கைதான் விரியும். கிருஷ்ணப்ரியா இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பசித்தால் கையை வாயருகே கொண்டுபோவாள். பூனை வந்தால் கன்னத்தில் மீசை இழுப்பாள். கரண்டு போனால் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அந்தச் சின்னக் கை விரியும்.

"எவ்வளவு சூட்டிகை பாருங்க" என்றார்கள். சூட்டிகைதான். அதில் யாரும் பொய் சொல்லவில்லை.

அங்கன்வாடி டீச்சர் தங்கச்செல்வி எடை பார்க்க வந்த அன்றைக்குத்தான் முதல் கேள்வி விழுந்தது. தராசில் உட்காரவைத்துப் பார்த்தாள். எடை சரி. உயரம் சரி. பந்தை உருட்டிவிட்டாள், பிள்ளை ஓடிப்போய் எடுத்து வந்து அவள் மடியிலேயே வைத்தது.

"பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புறாளா மதினி?"

சண்முகவடிவு பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். "சில நேரம் திரும்புறா டீச்சர். சில நேரம் கண்டுக்கவே மாட்டேங்கா."

"அம்மா, அத்தன்னு ஏதாவது சொல்றாளா?"

"ஆன்னு கத்துவா. எல்லாத்தையும் கையாலயே சொல்லிருதா."

தங்கச்செல்வி மடியிலிருந்த பந்தைத் திருப்பிப் பிள்ளையிடம் கொடுத்தாள். "எதுக்கும் விருதுநகர் பெரியாஸ்பத்திரியில காது ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்க மதினி. இந்த வயசுல பாத்துட்டா நல்லது."

தறிக்கூடத்து வாசலில் நின்ற தனுஷ்கோடிக்கு இது காதில் விழுந்தது. பிள்ளை தூங்கும்வரை டீச்சரை உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினார். தொட்டில் துள்ளியது. இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. சின்னக் கை விரிந்து உதறியது.

தங்கச்செல்வி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஆத்தாடி! இவளுக்கா காது கேக்காது? கரண்டு ஆபீசுக்கே தகவல் சொல்லிருவா போலயே!"

"அப்படிச் சொல்லுங்க டீச்சர்" என்றார் தனுஷ்கோடி. "ஓடுற மிஷின எதுக்குப் பிரிக்கணும்?"

அவள் போனபிறகு சண்முகவடிவு அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. "ஓடுன மிக்சியப் பிரிச்ச மனுசன் சொல்ற பேச்சா இது?"

அந்த மாசமே மல்லாங்கிணற்றில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. சண்முகவடிவு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போனாள். தறி இல்லாத ஊர். மதிய நேரத்தில் ஆடு கத்தினால் தெருவுக்கே கேட்கும். அங்கே, பிறந்த வீட்டு வாசலில், பிள்ளை மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. காரியாபட்டியிலிருந்து வந்த மினிபஸ் திருப்பத்தில் வந்து ஹாரனை அடித்தது. தெருவில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கட்டியிருந்த கன்றுக்குட்டி துள்ளியது. பிள்ளை மட்டும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைக் குவித்தது. நல்லமுத்து ஓடிப்போய் அப்படியே அள்ளித் தூக்கினார்.

"தறிக்காரர் மகள்ல" என்று மூச்சு வாங்கச் சிரித்தார் அவர். "ஆறு தறிச் சத்தத்துல கெடந்த பிள்ளைக்கு இந்தப் பஸ்ஸெல்லாம் ஒரு சத்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சண்முகவடிவு மட்டும் பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கினாள். கொடைக்குக்கூட நிற்காமல் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"என்னங்க, நான் கண்ணால பாத்தேன். அது ஹாரன் இல்ல, காதக் கிழிக்கிற சங்கு. அவ திரும்பல."

தனுஷ்கோடி மறுத்துப் பேசவில்லை. அவருக்குள் இருந்த ஸ்பேனர் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தது. பயம் இன்னும் வரவில்லை. ஆர்வம்தான் வந்தது. தறி நின்றால் தெரிகிற பிள்ளைக்கு ஹாரன் ஏன் தெரியவில்லை?

ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து எதிரே ஒரு பொம்மையைக் கொடுத்தார். பின்னால் போய் நின்று ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். பிள்ளை சட்டென்று திரும்பியது.

"பாத்தியா!"

"தட்ட என்கிட்டக் குடுங்க" என்றாள் சண்முகவடிவு. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டியால் ஓங்கி அடித்தாள். அடுத்த வீட்டிலிருந்து "என்ன வடிவு, சண்டையா?" என்று குரல் வந்தது. பிள்ளை திரும்பவில்லை. பொம்மையின் காலைத் திருகிக்கொண்டிருந்தது.

"வெளையாட்டுல இருக்கா."

"அப்ப நீங்க போட்டப்போ மட்டும் எப்படித் திரும்புனா?"

அவர் மறுபடி போட்டார். திரும்பியது. அவள் மறுபடி அடித்தாள். திரும்பவில்லை. இருவரும் மாறி மாறிச் செய்தார்கள். ஒரே தட்டு, ஒரே பிள்ளை. சண்முகவடிவு அடித்த சத்தம்தான் பெரிது. ஆனாலும் சின்னச் சத்தத்துக்குத்தான் பிள்ளை திரும்பியது. விருதுநகருக்குப் போகலாம் என்றாள் அவள். போகலாம் என்றார் அவர். துணி லோடு ஏறட்டும் என்றார். லோடு ஏறியது. தறியில் பாவு நூல் மாற்றவேண்டும் என்றார். அவர் போக மறுக்கவில்லை. போனால் என்ன சொல்வார்களோ என்று நினைக்கும்போதெல்லாம் மெயின் சுவிட்சை ஒரு தடவை இறக்கிப் பார்த்துக்கொள்வார். பிள்ளை விழிக்கும். அந்த ஒரு வாரத்துக்கு அது போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை சண்முகவடிவு தொட்டில் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பிள்ளைக்குத் தூக்கம் சொக்கியது. தறிக்கூடத்தை ஒட்டி நூல் மூட்டைகள் அடுக்கி வைக்கிற அறை உண்டு. கதவு கிடையாது, வெறும் நிலைதான். தறிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். அங்கே கழிவுப் பஞ்சு அடைத்த பெரிய மூட்டை ஒன்று மெத்தை மாதிரிக் கிடந்தது. பிள்ளையை அதன்மேல் போட்டுவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

சற்று நேரத்தில் கரண்டு போனது. ஆறு தறியும் நின்றன. திடீரென்று அமைதி வந்து மேலே விழுந்தது; தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. முத்துராஜ் உள்ளங்கையை விரித்து உதறினார். தனுஷ்கோடி வழக்கம்போல நிலைக்கு அருகே வந்து மகளை எட்டிப் பார்த்தார், விழித்திருப்பாள் என்று.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பொறுத்தார். பிள்ளையின் வயிறு ஏறி இறங்கியது. உதடு ஏதோ சப்புக்கொட்டியது. கண் திறக்கவில்லை. கரண்டு வந்தது, தறிகள் ஒவ்வொன்றாக ஓடின. அவர் தாமே மெயின் சுவிட்சை இறக்கினார். பிள்ளை தூங்கியது. மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"அண்ணாச்சி, நூலு!" என்று கத்தினார் முத்துராஜ்.

சத்தம் அதே சத்தம். நின்றதும் அதே மாதிரிதான் நின்றது. மாறியது ஒன்றே ஒன்று. தொட்டிலுக்குப் பதில் பஞ்சு மூட்டை.

தனுஷ்கோடி தம் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். பிள்ளையைத் தூக்கி முத்துராஜ் கையில் கொடுத்துவிட்டு, மூட்டைமேல் ஏறி நின்றார். கழிவுப் பஞ்சைக் கொத்தாகப் பிய்த்துக் காதில் அடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினார்: ஓட்டு.

தறிகள் ஓடின. பஞ்சையும் மீறிக் காதுக்குக் கொஞ்சம் கசிந்தது. ஆனால் காலுக்கு ஒன்றும் எட்டவில்லை. ஒரு தறியின் அடிகூட மேலே ஏறி வரவில்லை. இத்தனை வருடம் அவருக்குச் சேதி சொல்லிவந்த உள்ளங்கால் ஊமையாகி நின்றது. மூட்டையைவிட்டுத் தரையில் இறங்கினார். ஆறு தறியும் ஒன்றுவிடாமல் காலுக்குள் ஏறின. சுவரில் செருகிய இரும்புக் குழாயைப் போய்த் தொட்டார். அது கையில் துடித்தது. அதில்தான் தொட்டில் தொங்கும்.

தட்டும் புரிந்துவிட்டது. தரையில் விழுந்த தட்டு தரை வழியாகப் போய்ப் பிள்ளையின் தொடையைத் தொட்டிருக்கிறது. கையில் பிடித்து அடித்த தட்டு காற்றோடு போய்விட்டது.

காதிலிருந்து பஞ்சை எடுத்தபோது சண்முகவடிவு துணிக்கூடையோடு நின்றாள்.

"என்ன பண்றீக?"

"வடிவு" என்றார் அவர். "அவ காதால கேக்கல. என்னைய மாதிரியே காலால கேட்டிருக்கா. நாளைக்கே போறோம்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "லோடு?"

"லோடு கெடக்கட்டும்."

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில், குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். செவித்திறன் சோதனை செய்கிற தீபலட்சுமி இளம்பெண். தனுஷ்கோடி சொன்ன தறிக் கதையை நடுவில் நிறுத்தாமல் கேட்டாள். இடையிடையே அவளே கேள்வி கேட்டாள். தொட்டில் எந்த உயரம்? தட்டை எவ்வளவு தள்ளிப் போட்டீர்கள்? பிறகு சோதனையை விளக்கினாள். தலையில் சில இடங்களில் ஒயரை ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பினால், அது மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று கம்ப்யூட்டரில் தெரியும். பிள்ளை கை காட்ட வேண்டாம், திரும்ப வேண்டாம். தூங்கினால் போதும்.

"தூங்கணும்" என்பதில்தான் சிக்கல் வந்தது. அந்த அறை சத்தம் புகாத அறை. வெளியே யார் கத்தினாலும் உள்ளே கேட்காது. மெத்தை, போர்வை, மங்கலான விளக்கு, எல்லாம் இருந்தன. கிருஷ்ணப்ரியா விழித்தே கிடந்தாள். பால் குடித்தாள். தட்டிக் கொடுத்தார்கள். தோளில் போட்டு நடந்தார்கள். கண் செருகும், உடனே திறந்துகொள்ளும். கையை விரித்து உதறினாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் தீபலட்சுமி.

"கரண்டு போயிருச்சுன்னு சொல்றா" என்றாள் சண்முகவடிவு.

"மருந்து குடுத்தும் தூங்க வைக்கலாம். கொஞ்சம் பாப்போம், தானாத் தூங்குனா நல்லது."

தனுஷ்கோடி சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கட்டிலில் மல்லாந்து படுத்தார். பிள்ளையைக் குப்புறப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகலை எடுத்தார். ம்ம்ம் என்று ஆரம்பித்து, நடுநடுவே விட்டு விட்டு, தறியின் அடியை அப்படியே நெஞ்சுக்குள் கொண்டுவந்தார். பாட்டு என்று அதைச் சொல்லமுடியாது. மூன்றாவது தறி நல்ல நாளில் ஓடுகிற மாதிரி இருந்தது. பிள்ளை கன்னத்தை அவர் நெஞ்சில் அழுத்தியது. விரல்கள் தளர்ந்தன.

"தூங்கிட்டா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள் தீபலட்சுமி. "ஆனா நீங்க நிறுத்தணும் சார். அசைவு இருந்தா மிஷின்ல சரியா விழாது."

நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். அது அவருக்குத் தெரிந்ததைவிட வேறு யாருக்குத் தெரியும்? சுவிட்சை இறக்கிய மாதிரி நிறுத்தாமல், முனகலைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய விட்டார். மூச்சோடு மூச்சாக ஆக்கினார். கடைசியில் மூச்சு மட்டும் இருந்தது. பிள்ளை விழிக்கவில்லை. மெதுவாக நகர்ந்து அவளை மெத்தையில் விட்டார். ஒயர்களை ஒட்டினார்கள்.

சோதனை முடியும்வரை தனுஷ்கோடி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கோடுகளில் ஒரு மேடு வரவேண்டிய இடம் என்று ஒன்று இருக்கவேண்டும், அங்கே மேடு வரவில்லை என்பது மட்டும் தீபலட்சுமியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கடைசியில் எங்கோ சின்னதாக ஒன்று எழுந்தது.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. அவள் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எங்க தறிச் சத்தத்தாலயா?" என்று கேட்டார் அவர்.

"அப்படிச் சொல்லமுடியாது. பொறக்கும்போதே இருந்திருக்கலாம். காரணத்த ஒரு பக்கம் தேடுவோம். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல்ல காதுக்கு மிஷின் வைப்போம், பயிற்சி ஆரம்பிப்போம். அதுல எவ்வளவு தூரம் வருதுன்னு பாத்துட்டு, ஆபரேஷன் தேவையான்னு பெரிய டாக்டர்கள் சொல்வாங்க. இவளுக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகல. பேச்சு வளர்ற வயசு இதுதான். நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க."

"இனிமே கையக் காட்டிப் பேசக்கூடாதா?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"ஏன் நிறுத்தணும்? கையால அவ்வளவு சொல்றான்னா அவளுக்குச் சொல்றதுக்கு விஷயம் இருக்குன்னு அர்த்தம். கையும் காட்டுங்க, முகத்தப் பாத்து வாயாலயும் சொல்லுங்க. ஆனா இரைச்சல் இல்லாத இடத்துல சொல்லணும். தறிச் சத்தத்துல மிஷினப் போட்டுவிட்டா அதையுந்தான் பெருசாக்கிக் காட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துத்தான் தனுஷ்கோடி வீட்டையே பிரித்தார். தொட்டில் முன்னறைக்குப் போனது. நூல் அறையின் நிலைக்குக் கதவு வந்தது. கதவுக்குப் பின்னால் பழைய சாக்குகளை வைத்து அடித்தார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஆறு தறியும் ஓடுவதில்லை என்று முடிவானது. அந்த நேரத்தில் கிருஷ்ணப்ரியாவின் காதுகளில் இரண்டு சின்ன மிஷின்கள் ஏறும். முதல் நாள் பிடுங்கி எறிந்தாள். மறுநாளும் எறிந்தாள், அன்றைக்கு ஒன்றைப் பூனை கவ்விக்கொண்டு போக, முத்துராஜ்தான் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து எடுத்து வந்தார். சண்முகவடிவு எதிரே உட்கார்ந்து "பூனை" என்று சொல்லி மீசை இழுப்பாள், "பால்" என்று சொல்லிக் கையை வாயருகே கொண்டுபோவாள். தங்கச்செல்வி வேலை முடிந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். அன்றைக்குச் சிரித்தது அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் தறி வீடுகளுக்குப் போனால், பிள்ளையைப் பாயில் வைத்துச் சோதிக்காமல் யாராவது ஒருவர் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பின்னால் நின்று அழைத்துப் பார்க்கிறாளாம்.

பிள்ளை அழைத்தால் திரும்பவில்லை. இன்னும் திரும்பவில்லை. சில நாள் கண்ணை மட்டும் அகல விரிப்பாள். அது சத்தத்துக்கா, அம்மா முகத்துக்கா என்று தெரியாது. சண்முகவடிவு ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். தீபலட்சுமியோ, அவசரப்படாதீர்கள், காது சத்தத்தைப் பழகவேண்டும் என்றாள்.

ஒரு நாள் மதியம் முத்துராஜ் சீக்கிரமே வந்து மூன்றாவது தறியை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பாவு ஏற்றியிருந்தது. நூல் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கழிவுப் பஞ்சு மூட்டைமேல் கிருஷ்ணப்ரியா காதில் மிஷினோடு உட்கார்ந்து, நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடி அதே மூட்டையின் ஓரத்தில், காலைத் தூக்கி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவையும் சாக்கையும் தாண்டி மூன்றாவது தறி மெல்லியதாகக் கேட்டது.

தறி நின்றது.

கிருஷ்ணப்ரியாவின் கை நடுவில் நின்றது. ஒரு தார்க்குச்சியைப் பிடித்தபடியே தலையைத் தூக்கினாள். கதவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையை மேலே திருப்பி விரித்து உதறினாள்.

கரண்டு போய்விட்டது.

தனுஷ்கோடி அசையவில்லை. காலைக் கீழே விட்டுத் தரையைத் தொட்டுவிடுவோமோ என்று பயந்தவர் மாதிரி அப்படியே இருந்தார். உள்ளங்காலை மூட்டையில் பதித்துப் பார்த்தார். ஊமைதான். கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஊமைதான். பிள்ளை இன்னொரு முறை, அப்பாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று, இரண்டு கையையும் விரித்து உதறியது.

"வடிவு! ஏ வடிவு!"

சண்முகவடிவு ஓடிவந்தாள். பின்னாலேயே முத்துராஜும் வந்தார். கரண்டு எங்கேயும் போகவில்லை, நூல் அறுந்ததால் தாம்தான் தறியை நிறுத்தினோம் என்றார். தனுஷ்கோடி நடந்ததைச் சொன்னார். சண்முகவடிவு பிள்ளையைத் தூக்கவில்லை, தூக்கினால் ஏதாவது கலைந்துவிடும் என்பதுபோல. மூட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மகளைப் பார்த்துத் தன் உள்ளங்கையையும் விரித்து உதறினாள். வாயால் சொன்னாள், "ஆமாத்தா, நின்னு போச்சு."

முத்துராஜ் மூக்கைச் சிந்திக்கொண்டார். "மதினி, குப்புற விழுந்ததுக்குக் கொழுக்கட்ட. படி தாண்டுனதுக்குப் பாயசம். இதுக்கு என்ன பலகாரம்?"

சண்முகவடிவு யோசித்தாள். இதற்கு இன்ன பலகாரம் என்று யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. "பணியாரம்" என்றாள். "கருப்பட்டிப் பணியாரம். தெரு பூராவுக்கும்."

"நில்லு, நில்லு" என்றார் தனுஷ்கோடி. "ஒரு தடவ நடந்தா ஏதோ தற்செயலா இருக்கலாம். முத்துராஜு, நீ போய் ஓட்டு. நான் சொல்லமாட்டேன், நீயா ஒரு நேரத்துல நிறுத்து."

"அண்ணாச்சி, புதுப் பாவு! நிறுத்தி நிறுத்தி ஓட்டுனா ஒரு நூலு மிஞ்சாது."

"அறுந்தா நான் கட்டுறேன். போ."

முத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டு போனார். கதவு மூடியது. மூன்றாவது தறி மெல்லியதாக ஓடத் தொடங்கியது. கிருஷ்ணப்ரியா குச்சிகளை அடுக்கினாள். தனுஷ்கோடி காலை மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகவடிவு காத்திருக்கவில்லை. அவள் கருப்பட்டி நுணுக்குகிற சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது.